உட்கருவுக்குள் டி.என்.ஏ எப்படி இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு செல்லுக்குள் 2 மீட்டர் டி.என்.ஏ என்கிறார்களே, அந்தக் கணக்கு எப்படி வருகிறது?

தாய்வழி ஒரு தொகுதி, தந்தைவழி ஒரு தொகுதி என்று நம் செல்லில் சுமார் 620 கோடி கார இணைகள் (டி.என்.ஏ என்ற ஏணியின் படிகள், மரபுச் செய்தியின் எழுத்துகள்) இருக்கின்றன. அடுத்தடுத்த இரண்டு இணைகளுக்கு இடையே 0.34 நானோமீட்டர். இரண்டையும் பெருக்கினால் 2.1 மீட்டர் வரும்.

இது ஒரே இழை அல்ல. 46 குரோமோசோம்கள், அதாவது 46 தனித்தனி மூலக்கூறுகள். அவற்றில் மிக நீளமான 1-ஆம் குரோமோசோமில் 24.9 கோடி கார இணைகள் உண்டு. நீட்டிப் பிடித்தால் எட்டரை சென்டிமீட்டர். உட்கருவின் விட்டமோ, செல்லின் வகையைப் பொறுத்துப் பெரும்பாலும் 5 முதல் 10 மைக்ரோமீட்டர்தான்.

அப்படியானால் இடம் போதாமல்தான் இத்தனை சுருட்டலா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறு. டி.என்.ஏ இழையின் தடிமன் 2 நானோமீட்டர். அந்தத் தடிமனில் 2.1 மீட்டர் நீள இழையின் கன அளவு சுமார் 6.6 கன மைக்ரோமீட்டர். 8 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உட்கருவின் கன அளவு ஏறக்குறைய 268 கன மைக்ரோமீட்டர். ஆக, வெறும் டி.என்.ஏ பிடிக்கும் இடம் நூற்றுக்கு இரண்டரை பங்குதான்! அதோடு ஒட்டியிருக்கும் புரதங்களைச் சேர்த்தாலும் உட்கரு நிரம்பிவிடாது.

உண்மையான சிக்கல்கள் மூன்று. முதலாவது, டி.என்.ஏவின் பாஸ்பேட் முதுகெலும்பு எதிர்மின்னேற்றம் கொண்டது. இழையின் ஒரு பகுதி இன்னொரு பகுதியை விலக்கித் தள்ளும், எளிதில் வளையாது. இரண்டாவது, இவ்வளவு நீளமான இழை முடிச்சு விழாமல் இருக்க வேண்டும். படியெடுத்த பிறகு இரு பிரதிகளும் அறுபடாமல் பிரிந்து போகவும் வேண்டும். மூன்றாவதுதான் என் பார்வையில் எல்லாவற்றையும்விடப் பெரியது. கல்லீரல் செல்லுக்கு ஒரு வகை மரபணுக்கள் வேண்டும், நரம்புச் செல்லுக்கு வேறு வகை. இரண்டிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ. எது கைக்கு எட்டும், எது எட்டாது என்பதை மடிப்பின் வழியாகவே செல் பெரும்பாலும் முடிவு செய்கிறது. இந்தப் பக்கத்தில் வரும் பதில்கள் பலவும் இந்த மூன்றாவது சிக்கலைச் சுற்றியே அமைந்திருக்கும்.

நியூக்ளியோசோம் என்பது என்ன?

மடிப்பின் முதல் படி அது. ஹெச்2ஏ, ஹெச்2பி, ஹெச்3, ஹெச்4 என்ற நான்கு ஹிஸ்டோன் புரதங்கள் வகைக்கு இரண்டாகச் சேர்ந்து எட்டு புரதங்களின் உருண்டையாகின்றன. அதைச் சுற்றி 147 கார இணை நீளமுள்ள டி.என்.ஏ ஒன்றே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றிக்கொள்கிறது. ஹிஸ்டோன்களில் லைசின், ஆர்ஜினின் ஆகிய நேர்மின்னேற்ற அமினோ அமிலங்கள் நிறைய இருப்பதால் டி.என்.ஏவின் எதிர்மின்னேற்றம் அங்கே தணிகிறது. வளைய மறுத்த இழை வளைகிறது. ஒரு நியூக்ளியோசோமுக்கும் அடுத்ததற்கும் நடுவே கொஞ்சம் வெற்று டி.என்.ஏ. பல இடங்களில் ஹெச்1 என்ற ஐந்தாவது ஹிஸ்டோன், இழை உள்ளே நுழைந்து வெளியேறும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மனித செல்லில் இப்படி ஏறத்தாழ 3 கோடி நியூக்ளியோசோம்கள் உண்டு.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் ஏடா ஓலின்ஸ், டொனால்ட் ஓலின்ஸ் தம்பதியர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இந்த உருண்டைகளைக் கண்டு 1974-இல் அறிவித்தார்கள். அதே ஆண்டு ரோஜர் கோர்ன்பெர்க், எட்டு ஹிஸ்டோன்களும் சுமார் 200 கார இணைகளும் சேர்ந்தது ஓர் அலகு என்று முன்வைத்தார். 1997-இல் சூரிச்சில் கரோலின் லூகர், டிமோதி ரிச்மண்ட் குழுவினர் 0.28 நானோமீட்டர் துல்லியத்தில் படிக அமைப்பை வெளியிட்டபோது, டி.என்.ஏ எந்தெந்த இடங்களில் ஹிஸ்டோனைத் தொடுகிறது என்பதுவரை தெரிந்தது.

எல்லாம் சுற்றிக் கிடந்தால் மரபணுவை எப்படிப் படிக்க முடிகிறது?

சுற்றல் நிரந்தரமானது அல்ல. இழையின் ஓரங்கள் தாமாகவே கொஞ்சம் அவிழ்ந்து மீண்டும் ஒட்டுகின்றன. அது போதாதபோது செல்லின் எரிபொருளான ஏ.டி.பியைச் செலவழித்து உருண்டைகளைத் தள்ளிவிடும், கழற்றியும் எடுக்கும் புரதக் கூட்டங்கள் இருக்கின்றன.

இன்னொரு வழி வேதிக் குறிகள். ஒவ்வொரு ஹிஸ்டோனிலிருந்தும் ஒரு வால் வெளியே நீண்டிருக்கும். அந்த வாலில் உள்ள லைசின் மீது அசிட்டைல் தொகுதி ஏறினால் நேர்மின்னேற்றம் குறைகிறது, பிடி தளர்கிறது, மரபணுவைப் படிக்கும் புரதங்கள் வந்து அமர இடம் கிடைக்கிறது. அசிட்டைல் ஏற்றத்துக்கும் மரபணுச் செயல்பாட்டுக்கும் தொடர்பு உண்டு என்று வின்சென்ட் ஆல்ஃப்ரே 1964-லேயே சொல்லிவிட்டார். மெத்தைல் தொகுதியின் கதை சிக்கலானது. ஹெச்3-இன் 4-ஆவது லைசினில் மூன்று மெத்தைல் ஏறினால் அது செயல்படும் மரபணுவின் தொடக்கத்தைக் குறிக்கும்; 9-ஆவது லைசினில் ஏறினால் மூடிய, அதாவது படிக்கப்படாத பகுதி என்று பொருள். ஒரே வேதிப்பொருள்தான், ஏறும் இடம் மாறினால் விளைவும் தலைகீழாக மாறுகிறது.

நியூக்ளியோசோமுக்கு அடுத்தது 30 நானோமீட்டர் நார் என்று படித்தோம். அது சரிதானே?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். பாடப்புத்தகங்களில் உள்ள படம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2 நானோமீட்டர் இழை, 11 நானோமீட்டர் நியூக்ளியோசோம் சங்கிலி, அது சுருண்டு 30 நானோமீட்டர் நார், அது மேலும் சுருண்டு 300, 700, கடைசியில் எக்ஸ் வடிவக் குரோமோசோம். படிப்படியான, ஒழுங்கான ஏறுமுகம்.

30 நானோமீட்டர் நார் எங்கிருந்து வந்தது? 1976-இல் கேம்பிரிட்ஜில் ஜான் ஃபின்ச், ஏரன் க்ளூக் இருவரும் செல்லிலிருந்து பிரித்தெடுத்த குரோமாட்டினை (டி.என்.ஏவும் ஹிஸ்டோன் முதலிய புரதங்களும் சேர்ந்தது) எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, அது சுருள்வில் வடிவில் சுருண்டிருப்பதாக விளக்கினார்கள். சொலினாய்டு என்ற பெயர் அப்போது வந்தது. சோதனைக் குழாயில், குறிப்பிட்ட உப்புச் செறிவில், அந்த நார் உண்மையாகவே உருவாகிறது. அதில் தவறு இல்லை.

ஆனால் முழுச் செல்லுக்குள் தேடியவர்களுக்கு அது கிடைக்கவில்லை. செல்லை நொடியில் உறையவைத்து எடுத்த படங்களில், பிரியும் குரோமோசோம்களில்கூட அந்த நார் இல்லை என்று 2008-இல் ஓர் ஆய்வு காட்டியது. 2017-இல் கலிபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் க்ளோடா ஓஷே குழுவினர் டி.என்.ஏவை மட்டும் பற்றிக்கொள்ளும் சாயம் ஒன்றைப் பயன்படுத்தி, மனித செல்லின் உட்கருவை முப்பரிமாணத்தில் படம் பிடித்தார்கள். அங்கே அவர்கள் கண்டது 5 முதல் 24 நானோமீட்டர் வரை தடிமன் மாறிக்கொண்டே போகும், ஒழுங்கற்ற, வளைந்து நெளியும் சங்கிலிகள். திறந்த பகுதியிலும் மூடிய பகுதியிலும் சங்கிலி அதேதான். எவ்வளவு நெருக்கமாகக் கூடியிருக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

தேர்வு எழுதும் மாணவர்கள் தங்கள் பாடநூலில் உள்ளபடி எழுதுவதுதான் பாதுகாப்பு. ஆனால் அந்தப் படம் ஒரு தவறான எண்ணத்தை ஆழமாக விதைக்கிறது. கட்டி முடித்த கட்டமைப்பு ஒன்று உள்ளே அசையாமல் நிற்கிறது என்ற எண்ணம் அது. உயிருள்ள உட்கருவில் குரோமாட்டின் ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும். அந்தப் படத்தைப் பாடநூல்களிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எக்ஸ் வடிவக் குரோமோசோம் எப்போதும் உட்கருவில் இருக்குமா?

இல்லை. செல் பிரியும் நேரத்தில் மட்டும், அதுவும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் இருக்கும். அப்போது 1-ஆம் குரோமோசோமின் எட்டரை சென்டிமீட்டர் சுமார் 10 மைக்ரோமீட்டராகக் குறுகுகிறது. கான்டென்சின் என்ற வளைய வடிவப் புரதம் இழையை இழுத்து இழுத்துக் கண்ணிகளாக அடுக்குகிறது. புடவையில் கொசுவம் வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும்: நீளம் குறைகிறது, துணியில் வெட்டும் இல்லை, முடிச்சும் இல்லை, பிடித்த கையை விட்டால் மறுபடி விரிந்துவிடும்.

2018-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் சேஸ் டெக்கர் குழுவினர் ஒரே ஒரு கான்டென்சின் மூலக்கூறு கண்ணி இழுப்பதை நுண்ணோக்கியின் கீழ் நேரடியாகப் படம் பிடித்தார்கள். நொடிக்கு 1,500 கார இணைகள் வரை அது இழுத்தது.

பிரியாத நேரத்தில் 46 குரோமோசோம்களும் ஒன்றோடொன்று கலந்து கிடக்குமா?

கலந்து கிடப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனி ஆட்சிப் பகுதி உண்டு. கார்ல் ராப்ல் 1885-இலும் தியோடர் போவேரி 1909-இலும் இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்தார்கள். பிறகு எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்தது. அதில் எல்லாமே கலந்து தெரிந்ததால் அந்தக் கருத்து மங்கிப்போனது.

அதை மீட்டவர்கள் ஜெர்மனியைச் சேர்ந்த தாமஸ் க்ரெமர், கிறிஸ்டோஃப் க்ரெமர் சகோதரர்கள். ஒருவர் மருத்துவம் படித்தவர், மற்றவர் இயற்பியலாளர். அவர்கள் செய்த சோதனை எளிமையானது, அழகானது. உட்கருவின் ஒரு சிறு புள்ளியில் மட்டும் புற ஊதா லேசரைப் பாய்ச்சினார்கள். குரோமோசோம்கள் கலந்து கிடந்தால் அந்தக் காயம் பெரும்பாலான குரோமோசோம்களில் சிறிது சிறிதாகப் பட்டிருக்க வேண்டும். தனித்தனியாக இருந்தால் சிலவற்றில் மட்டும் பட வேண்டும். செல் பிரியும் கட்டத்தில் எடுத்துப் பார்த்தபோது, சில குரோமோசோம்களில் மட்டுமே காயம் இருந்தது. பின்னர் ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தனி நிறம் ஏற்றும் முறை வந்ததும், யாரும் கண்ணாலேயே பார்க்க முடிந்தது.

இந்தப் பகுதிகளுக்கு வேலி இல்லை. ஓரங்களில் அண்டை குரோமோசோம்கள் கொஞ்சம் ஊடுருவிக்கொள்கின்றன.

எந்தக் குரோமோசோம் எங்கே இருக்கும் என்று விதி உண்டா?

கறாரான முகவரி கிடையாது, சாய்வு உண்டு. மனிதரின் 18-ஆம் குரோமோசோமும் 19-ஆம் குரோமோசோமும் அளவில் அருகருகே வருபவை. ஆனால் மரபணுக்கள் குறைந்த 18 உட்கருவின் விளிம்பை ஒட்டியிருக்கும். மரபணுக்கள் நிறைந்த 19 நடுப்பகுதியில் இருக்கும். உட்கரு உறையின் உட்புறத்தில் லேமின் என்ற புரத வலை படர்ந்திருக்கிறது. நம் மரபணுத் தொகுதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த வலையோடு ஒட்டும் இயல்புடையது. ஒட்டிக்கொண்ட பகுதிகள் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அதே விளிம்பில் இருந்தாலும் உட்கருத் துளைகளை ஒட்டிய இடங்கள் மட்டும் திறந்தே கிடக்கும்.

நியூக்ளியோலஸ் எதற்கு?

உட்கருவுக்குள் தெரியும் அடர்ந்த திரள் அது. புரதம் தயாரிக்கும் ரைபோசோம்கள் அங்கேதான் உருவாகின்றன. 13, 14, 15, 21, 22 ஆகிய ஐந்து குரோமோசோம்களின் குட்டைக் கைகளில் ரைபோசோம் ஆர்.என்.ஏ மரபணுக்கள் வரிசை வரிசையாக உள்ளன. வெவ்வேறு குரோமோசோம்களில் இருந்தாலும் அவை ஒரே இடத்தில் கூடி வேலை செய்கின்றன. அதைச் சுற்றிச் சவ்வு எதுவும் இல்லை.

ஒரு மரபணுவை இயக்கும் பகுதி எங்கோ தொலைவில் இருக்குமாமே? அது எப்படிச் சாத்தியம்?

கை கால் வளர்ச்சியிலிருந்து ஓர் உதாரணம். கருவில் விரல்களின் எண்ணிக்கையையும் வரிசையையும் தீர்மானிப்பதில் சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு. கை கால் மொட்டில் அதை இயக்கும் தூண்டுப் பகுதி, சுமார் 10 லட்சம் கார இணைகள் தள்ளி, வேறொரு மரபணுவின் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தூண்டுப் பகுதியில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் சில குடும்பங்களில் குழந்தைகள் கூடுதல் கட்டைவிரலோடு பிறக்கிறார்கள். இதே பகுதி பாம்புகளில் சிதைந்துபோயிருக்கிறது. எலியின் தூண்டுப் பகுதியை எடுத்துவிட்டுப் பாம்பினுடையதை வைத்தபோது, எலிக்குட்டிகள் குட்டையான, முழுதாக வளராத கால்களோடு பிறந்தன. 2016-இல் வெளியான ஆய்வு இது.

இழையில் தொலைவு என்றால் உட்கருவின் இடப்பரப்பிலும் தொலைவு என்று பொருள் இல்லை. இழை மடிந்தால் இரண்டும் பக்கத்தில் வந்துவிடும். மடிப்பதற்கு கோஹீசின் என்ற வளையப் புரதம் இருக்கிறது. அது டி.என்.ஏவில் ஏறி, இழையைத் தன் வழியே இழுத்துக் கண்ணியைப் பெரிதாக்கிக்கொண்டே போகும். சி.டி.சி.எஃப் என்ற இன்னொரு புரதம் குறிப்பிட்ட எழுத்து வரிசைகளில் அமர்ந்து அதைத் தடுக்கும். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று நோக்கிய சி.டி.சி.எஃப் அமர்ந்திருந்தால் கண்ணி அங்கே நிற்கிறது. அப்படி நிற்கும் எல்லைகளுக்கு இடையே உள்ள பகுதியை ஒரு வட்டாரம் எனலாம். உள்ளே இருப்பவை தங்களுக்குள் அடிக்கடி சந்திக்கும். எல்லை தாண்டிய சந்திப்பு குறைவு.

இந்தக் கண்ணிகளையெல்லாம் யார் எப்படிக் கண்டார்கள்?

2002-இல் யோப் டெக்கர் ஒரு வழி வகுத்தார். பார்மால்டிஹைடு இட்டு, அருகருகே இருக்கும் டி.என்.ஏ துண்டுகளை இருந்த இடத்திலேயே பிணைத்துவிட வேண்டும். பிறகு நொதியால் வெட்டி, பிணைந்திருக்கும் முனைகளை ஒட்டி, எது எதோடு ஒட்டியது என்று படித்தறிய வேண்டும். 2009-இல் ஹை-சி என்ற பெயரில் இதை முழு மரபணுத் தொகுதிக்கும் விரித்தார்கள். வட்டாரங்கள் 2012-இல் வரைபடங்களில் தெளிவாகத் தெரிந்தன. 2014-இல் இன்னும் நுணுக்கமான வரைபடம் வந்தபோது ஒரு மனித செல் வகையில் ஏறக்குறைய 10,000 கண்ணிகளை எண்ண முடிந்தது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வரைபடங்கள் லட்சக்கணக்கான செல்களின் கூட்டுச் சராசரி. தனித்தனிச் செல்லில் கண்ணிகள் தோன்றி மறைந்துகொண்டே இருக்கும்.

எல்லை அழிந்துபோனால் என்ன ஆகும்?

சில சமயம் கடுமையான விளைவு. பெர்லினில் ஸ்டெஃபான் முண்ட்லோஸ் குழுவினர் பிறவியிலேயே விரல் வடிவம் மாறிய குடும்பங்களை ஆராய்ந்தார்கள். ஈ.பி.ஹெச்.ஏ4 என்ற மரபணுவைச் சுற்றிய வட்டாரத்தின் எல்லை நீங்கியோ புரண்டோ போயிருந்தது. அதனால் அங்கிருந்த தூண்டுப் பகுதிகள் பக்கத்து வட்டாரத்து மரபணுக்களை இயக்கிவிட்டன. புரதத்துக்கான எழுத்து எதுவும் மாறத் தேவையே இருக்கவில்லை. எல்லை போனதே விரல்களை மாற்றியது. எலிகளில் அதே மாற்றத்தைச் செய்து 2015-இல் உறுதிப்படுத்தினார்கள்.

அதற்காக ஒவ்வோர் எல்லையும் உயிர்நாடி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2017-இல் வளர்ப்புச் செல்களில் கோஹீசினை முழுவதும் அழித்தபோது கண்ணிகள் எல்லாம் மறைந்தன. ஆனாலும் சில மணி நேரத்தில் பெரிய மாற்றம் கண்ட மரபணுக்கள் குறைவுதான். வளர்ந்துகொண்டிருக்கும் கருவில், தொலைவிலிருந்து இயங்கும் மரபணுக்களுக்குத்தான் எல்லை அதிகம் முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

பெண்களுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம். இரண்டும் இயங்குமா?

ஒன்று பெரும்பாலும் மூடப்பட்டுவிடும். 1949-இல் கனடாவில் முர்ரே பார், எவர்ட் பெர்ட்ராம் இருவரும் பூனையின் நரம்புச் செல்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பெண் பூனைகளின் உட்கருவில் மட்டும் ஒரு கரும்புள்ளியைக் கண்டார்கள். அதுதான் சுருங்கிய எக்ஸ். கருவின் தொடக்க நாட்களில் ஒவ்வொரு செல்லும் இரண்டில் ஒன்றை எதேச்சையாக மூடுகிறது, அதன் வழித்தோன்றல்கள் எல்லாம் அதையே மூடுகின்றன என்று 1961-இல் மேரி லயன் விளக்கினார்.

மூடும் வேலையைத் தொடங்குவது எக்ஸ்இஸ்ட் என்ற நீண்ட ஆர்.என்.ஏ. அது புரதமாக மாறுவதில்லை. தான் பிறந்த குரோமோசோமின் மீதே படர்ந்து அதை அடக்குகிறது. ஆரஞ்சும் கறுப்பும் திட்டுத் திட்டாகக் கலந்த பூனை ஏறக்குறைய எப்போதும் பெண்ணாகவே இருப்பதற்கும் இதுவே காரணம்: அந்த நிற மரபணு எக்ஸில் இருக்கிறது. சில மரபணுக்கள் மூடலுக்குத் தப்பி இரண்டிலிருந்தும் இயங்குகின்றன.

விந்தணுவில் மட்டும் வேறு மாதிரி என்கிறார்களே?

ஆமாம். அங்கே பெரும்பாலான ஹிஸ்டோன்களை நீக்கிவிட்டு, ஆர்ஜினின் நிறைந்த புரோட்டமின் என்ற சிறு புரதங்கள் அமர்கின்றன. டி.என்.ஏ மிக இறுக்கமாகிறது, மரபணுக்கள் படிக்கப்படுவதில்லை. கருவுற்ற பிறகு முட்டையின் ஹிஸ்டோன்கள் வந்து இடம் மாற்றிக்கொள்கின்றன.

இந்த அமைப்போடு தொடர்புடைய நோய்கள் எவை?

ப்ரொஜீரியா எனப்படும் குழந்தைப் பருவ முதுமை நோய் முதலில் நினைவுக்கு வருகிறது. அதற்குக் காரணம் லேமின் ஏ மரபணுவில் ஏற்படும் ஓர் எழுத்து மாற்றம் என்று 2003-இல் தெரிந்தது. அந்த மாற்றம் அமினோ அமிலத்தை மாற்றுவதில்லை, ஆர்.என்.ஏவை வெட்டி ஒட்டும் இடத்தைப் பிசகவைக்கிறது. புரதத்தில் 50 அமினோ அமிலங்கள் குறைகின்றன. குறைபட்ட புரதம் உறையோடு ஒட்டிக்கொண்டு விடுபட மறுக்கிறது. உட்கரு புடைத்துக் கோணலாகிறது. லோனாஃபார்னிப் என்ற மருந்துக்கு 2020-இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. அது குணப்படுத்துவதில்லை, ஆயுளை நீட்டிக்கிறது. அந்தக் குழந்தைகளின் பெற்றோருக்கு அது சிறிய விஷயமே அல்ல.

கோஹீசினை டி.என்.ஏவில் ஏற்றிவிடும் புரதத்தில் குறை இருந்தால் கொர்னீலியா டி லாங்கே நோய்க்குறி வரும். புற்றுநோய் மருத்துவத்திலும் இந்த அறிவு பயன்படுகிறது. ஹிஸ்டோனிலிருந்து அசிட்டைலை நீக்கும் நொதிகளைத் தடுக்கும் வோரினோஸ்டாட், தோலில் வரும் ஒருவகை லிம்போமாவுக்கு 2006-இல் ஒப்புதல் பெற்றது. முறுக்கை அவிழ்க்க டி.என்.ஏவை வெட்டி மீண்டும் ஒட்டும் டோபோஐசோமரேஸ் நொதியை, ஒட்டவிடாமல் பாதியில் நிறுத்துவது எட்டோபோசைடு என்ற புற்றுநோய் மருந்து.

"டி.என்.ஏவைத் தட்டி எழுப்பும்" பயிற்சிகள், பானங்கள் என்று விளம்பரம் வருகிறதே?

காசைக் கொடுக்காதீர்கள். உணவு, உடற்பயிற்சி, புகைப்பழக்கம் ஆகியவை ஹிஸ்டோன் குறிகளையும் டி.என்.ஏ மீதான மெத்தைல் குறிகளையும் மாற்றுகின்றன என்பது உண்மை. ஆனால் வேண்டிய மரபணுவை, வேண்டிய செல்லில், ஒரு பானத்தால் திறக்க முடியாது. எல்லா மரபணுவும் திறந்துவிட்டால் கல்லீரல் செல் கல்லீரல் செல்லாகவே இருக்காது.

எல்லாச் செல்களிலும் மூடிய பகுதி விளிம்பில்தான் இருக்குமா?

எனக்கு மிகப் பிடித்த விதிவிலக்கு எலியின் கண்ணில் இருக்கிறது. விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் குச்சிச் செல்களின் உட்கருவில் எல்லாம் தலைகீழ்: மூடிய குரோமாட்டின் நடுவில் ஒரே திரளாகவும், இயங்கும் பகுதி விளிம்பிலும் இருக்கும். 2009-இல் ஐரினா சொலோவெய், போரிஸ் யோஃபே குழுவினர் ஏன் என்று விளக்கினார்கள். பாலூட்டிகளின் விழித்திரையில் ஒளி, உணரும் பகுதியை அடையும் முன் இந்த உட்கருக்களைக் கடந்தாக வேண்டும். நடுவில் திரண்ட அடர்த்தியான குரோமாட்டின் ஒரு நுண்வில்லையாகி, ஒளியைச் சிதறவிடாமல் குவித்து அனுப்புகிறது. எலி பிறக்கும்போது இந்த அமைப்பு இல்லை. அடுத்த சில வாரங்களில், குரோமாட்டினை விளிம்போடு கட்டும் புரதங்கள் மறைய மறைய, அது உருவாகிறது. இரவில் நடமாடும் பாலூட்டிகளில்தான் இது காணப்படுகிறது. பகலில் நடமாடும் பாலூட்டிகளின் குச்சிச் செல்களில் மூடிய பகுதி வழக்கம்போல் விளிம்பிலேயே இருக்கிறது.